முகாமில் ஃப்ரிட்ஜுக்கு கரண்ட்: காரிலிருந்தா, தனி பேட்டரியிலா?

பெங்களூரிலிருந்து சக்லேஷ்பூர் மலைப் பக்கம் கூடாரம் போடக் கிளம்பும் எங்கள் கூட்டத்தில் இப்போது எலெக்ட்ரிக் கார்கள்தான் அதிகம். கூடவே 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜும் வந்துவிட்டது. மீன், தயிர், இட்லி மாவு எல்லாம் அதற்குள்தான். ராத்திரி முழுக்க அதற்கு கரண்ட் எங்கிருந்து என்பதில் ஆளுக்கொரு கட்சி. நான் தனி லித்தியம் பேட்டரிக் கட்சி.

காரின் 12 வோல்ட் சாக்கெட், வண்டி ஓடும்வரை போதும். நிறுத்தியதும் பல கார்களில் அது அணைந்துவிடும். அணையாத காரிலும் இன்னொரு ஆபத்து உண்டு: அந்தச் சாக்கெட்டுக்குக் கரண்ட் தரும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால், வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகாது.

அடுத்தது வி2எல் (வெஹிக்கிள் டு லோட்), அதாவது காரின் பெரிய பேட்டரியிலிருந்து வெளிச் சாதனங்களுக்குக் கரண்ட் எடுக்கும் வசதி. நெக்ஸான் இவி, கிரெட்டா எலெக்ட்ரிக் போன்ற கார்களில் சார்ஜிங் போர்ட்டில் அடாப்டரைச் செருகினால் 230 வோல்ட் வரும். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடும். அருமையான வசதி, மறுக்கவே மாட்டேன். ஆனால் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் அதைத் திறந்து வைப்பதுதான் வீண்.

கணக்கைப் பாருங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது சுமார் 50 வாட். அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடும், ஆக ஒரு நாளைக்கு அரை யூனிட் போல. வி2எல் திறந்திருக்கும் நேரமெல்லாம் காரின் இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்திருக்க வேண்டும். எங்கள் காரில் ஸ்க்ரீனில் சதவீதம் இறங்குவதை வைத்துப் பார்த்தால், அதற்கே மணிக்குக் கால் யூனிட் போகிறது. ஒரு முழு நாளைக்கு 6 யூனிட்! யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தாலும், சக்லேஷ்பூரிலிருந்து ஹாசன் வந்து சேரும் தூரம் அது. மலையில் நிற்கும்போது அந்தச் சார்ஜ்தான் நமக்குத் திரும்பும் வழி. கார் விழித்திருக்க ஆகும் இந்தச் செலவு மாடலுக்கு மாடல் மாறும். நண்பரின் கிரெட்டாவில் ஒரே ஒரு ராத்திரிதான் கவனித்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் டிரக்கில் நேரடியாகச் செருகிவிட்டுத் தூங்குகிறார்கள் என்றால், அதன் பெரிய பேட்டரி 131 யூனிட். அதில் 6 யூனிட் பெரிதாகத் தெரியாது. நம் 45 யூனிட் காரில் 13 சதவீதம் காலி.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட் இருக்கும். அந்த ஃப்ரிட்ஜ் இரண்டு நாள் ஓடும். பேட்டரியின் டிசி கரண்ட் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போவதால், அதை வீட்டு கரண்ட் போல ஏசியாக்கி மறுபடி டிசியாக்கும் நஷ்டமும் இல்லை. தீர்ந்தால் சாயங்காலம் டீ போட வி2எல்லைத் திறக்கும்போது இதையும் சார்ஜில் போட்டுவிடலாம். சார்ஜர் 500 வாட் என்றால் இரண்டு மணி நேரத்தில் ஒரு யூனிட் ஏறும். கார் விழித்திருப்பது அந்த இரண்டு மணி நேரம் மட்டும். வி2எல்லுக்கு என் கணக்கில் இதுதான் சரியான வேலை.

குறை இல்லாமல் இல்லை. விலை உறுத்தும், பெட்டியோடு 12 கிலோவுக்குக் குறையாமல் தூக்க வேண்டும். ஒரு ராத்திரி மட்டும் தங்கி, அடுப்பும் கரண்டிலேயே ஓட்டுபவர்களுக்கு வி2எல்லே போதும், தனியாகச் செலவு வேண்டாம்.

வாங்குபவர்கள் ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் லைட்டர் பின் குலுங்கலில் தளர்ந்து சூடாகும். மெல்லிய நீள ஒயரில் வோல்டேஜ் இறங்கி, பேட்டரி நிறைய இருக்கும்போதே ஃப்ரிட்ஜ் கட் ஆகும். நான் தடித்த ஒயரும், இறுக்கிப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டரும் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஃப்ரிட்ஜை முந்தின நாளே வீட்டு கரண்டில் குளிரவைத்து ஏற்றுங்கள், முதல் ராத்திரிச் செலவு கணிசமாகக் குறையும்.