தனியா தெரபி பிராக்டிஸ் போடணும்னா: கிளினிக்கா, ஆப்பா, மணிக்கணக்கு ரூமா, சொந்த ரூமா?

படிப்பு, சூப்பர்விஷன் (சீனியர் தெரபிஸ்ட் மேற்பார்வையில வேலை பாக்குறது) எல்லாம் முடிச்சுட்டு தனியா உக்காரலாம்னு நெனைக்கிற ஜூனியருங்க எங்கிட்ட கேக்குறது எப்பவும் ஒண்ணேதான். "அக்கா, ஏதாவது கிளினிக்ல சேரட்டுமா, ஆப்ல பேர் குடுக்கட்டுமா, இல்ல சொந்தமா ரூம் போட்டுடட்டுமா?" நான் இந்த எல்லாத்துலயும் உக்காந்து வேலை பாத்துட்டேன், நடுவுல மணிக்கணக்குல வாடகை ரூமும் எடுத்துப் பாத்தாச்சு. அதனால எதுல எவ்ளோ வரும்னு சொல்றதுக்கு முன்னாடி நான் திருப்பி ஒண்ணு கேப்பேன்: கிளையன்ட் வராம காலியா போற அந்த மணி நேரத்துக்கு யாரு காசு கட்டுறா?

கேள்வி சின்னதா தெரியலாம், ஆனா இந்தத் தொழில்ல நிக்கிறதும் விழுறதும் இங்கதான். கடையில இன்னைக்கு விக்காத சாமான் நாளைக்கு வித்துடும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 4 மணி போச்சுன்னா போனதுதான், அதை யாரும் திருப்பித் தர முடியாது. சைக்கோஅனாலிசிஸ்ங்கற தெரபி முறையை ஆரம்பிச்ச ஃப்ராய்டு 1913லயே இதை எழுதி வெச்சுட்டார், ஒவ்வொரு பேஷன்டுக்கும் என் நாள்ல ஒரு குறிப்பிட்ட மணி நேரம் சொந்தம், அதை அவர் பயன்படுத்தலன்னாலும் பொறுப்பு அவரோடதுன்னு. அந்த அளவுக்குக் கறாரா இருக்கணுமாங்கறது வேற பேச்சு, பிரச்சனை அன்னைக்கே இருந்துச்சுங்கறதுக்காகச் சொல்றேன்.

மொதல்ல கிளினிக். நாலஞ்சு தெரபிஸ்ட் சேர்ந்து இருக்குற எடத்துல போய் உக்காருவீங்க, வர்ற ஃபீஸ்ல ஒரு பங்கு அவங்களுக்கு. கணக்குக்காக ஒரு செஷனுக்கு 100ன்னு வெச்சுக்குவோம், அதுல 40 கிளினிக்குக்கு, 60 உங்களுக்கு. எடுத்ததும் எல்லாரும் சொல்றது "அநியாயமா இருக்கே, வேலை முழுக்க நான்தான பண்றேன்"னு. நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஆனா அந்த 40க்கு என்னல்லாம் வருதுன்னு பாருங்க: ரூம் வாடகை, ரிசப்ஷன்ல போன் எடுக்க ஆளு, பில் போடுறது, கேன்சல் ஆனா கூப்பிட்டுப் பேசறது, ரிஸ்க் இருக்குற கிளையன்ட் வந்து நாம கை நடுங்கிப் போற அன்னைக்கு பக்கத்து ரூம்ல தட்டிக் கேக்க ஒரு சீனியர். காலி மணி நேரத்துல உங்களுக்கு நேரம்தான் நஷ்டம், வாடகை அவங்க தலைல.

எல்லாத்தையும் விடப் பெருசு புது கிளையன்ட். இதை நெறைய பேர் கணக்குலயே சேக்குறதில்ல. வாரத்துக்கு 20 செஷன் பாக்கணும்னு ஆசைப்படுறீங்க, ஒருத்தர் சராசரியா 10 செஷன் வர்றார்னு வெச்சுக்கோங்க, அப்போ அந்த 20 நிரம்பியே இருக்கணும்னா ஒவ்வொரு வாரமும் 2 புது ஆள் வந்தாகணும். வருஷம் முழுக்க! இது நம்ம திறமைக் குறைவால வர்றது இல்ல. 1986ல வந்த ஹோவர்ட் குழுவோட ஆய்வுல ஏறக்குறைய பாதிப் பேருக்கு 8 செஷன்லயே அளந்து பாக்குற மாதிரி முன்னேற்றம் தெரிஞ்சுது, முக்கால்வாசிப் பேருக்கு 26க்குள்ள. நல்லா ஆனவங்க கெளம்பத்தான் செய்வாங்க, கெளம்பணும். அது போக 2012ல ஸ்விஃப்ட்டும் கிரீன்பெர்க்கும் 669 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் பாதியிலயே நின்னுடுறாங்க. அப்போ புது ஆளைக் கொண்டு வர்றதுங்கறது ஓயாத வேலை, அந்த வேலையை நீங்க பண்ணப் போறீங்களா, கிளினிக் பண்ணப் போகுதா, அந்த 40ல பாதி அதுக்குத்தான் போகுது.

கிளினிக்ல எனக்குக் கசந்தது வேற விஷயம். நான் வேலை பாத்த ஒரு எடத்துல கெளம்பறேன்னு சொன்னதும், கிளையன்ட் கிட்ட நீங்க எதுவும் பேசக் கூடாது, நாங்க சொல்லிக்கறோம்னாங்க. ஒப்பந்தத்துல அப்படி ஒரு வரி இருந்துச்சு, கையெழுத்து போடும்போது நான் அதைச் சரியா படிக்கல. ஒன்பது பேருக்கு ரிசப்ஷன்ல இருந்து ஒரு மெசேஜ்தான் போச்சு. அதுல ஒருத்தங்க சின்ன வயசுல அம்மாவை இழந்தவங்க, சொல்லாமப் போறவங்களைப் பத்தித்தான் நாங்க ரெண்டு பேரும் ஏழு மாசமா பேசிட்டு இருந்தோம். இன்னைக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல. அதனால பங்கு 40ஆ 35ஆன்னு பேரம் பேசறதுக்கு முன்னாடி, நான் வெலகினா கிளையன்ட் கிட்ட நேர்ல சொல்லி முடிச்சு வைக்க எத்தனை வாரம் தருவீங்க, அவங்க என்னோட வரணும்னு விரும்பினா வரலாமா, நோட்ஸ் யார்கிட்ட இருக்கும், இந்த மூணையும் எழுத்துல வாங்குங்க. தர மாட்டோம்னா அந்தக் கிளினிக் வேண்டாம்.

அடுத்து ஆப். ஆன்லைன்ல கிளையன்டை நம்மகிட்ட சேத்து விடற பிளாட்ஃபார்ம். வாடகை கெடையாது, விளம்பரம் அவங்க பாத்துக்குவாங்க, பேர் பதிஞ்ச கொஞ்ச நாள்லயே ஆள் வரலாம். வெளிய போக முடியாதவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கவங்க, ஊர் மக்கள் கண்ணுல பட்டுடுவோமோன்னு பயப்படறவங்க, இவங்கல்லாம் இந்த வழியிலதான் மொத தடவை தெரபிக்கே வர்றாங்க, அதனால ஆப்னாலே மட்டம்னு பேசறவங்களோட எனக்கு ஒத்துப் போகாது. வீடியோ செஷன்ல கூட நல்ல வேலை நடக்கும்னு நான் பாத்துட்டேன்.

ஆனா வேலை பாக்குற நம்ம பக்கத்துல இருந்து பாத்தா ரெண்டு விஷயம் உறுத்துது. ஒண்ணு, ரேட்டை அவங்கதான் வெப்பாங்க, ரேட்டிங்கும் அவங்க கையில, நாளைக்கே பங்கைக் குறைச்சா கிளையன்ட் லிஸ்ட்டும் அவங்க கிட்டதான் இருக்கும், நீங்க மூணு வருஷம் உழைச்சாலும் "உங்க பிராக்டிஸ்"னு கையில ஒண்ணும் நிக்காது. சில எடத்துல நடுராத்திரி மெசேஜுக்கும் பதில் எதிர்பாக்குறாங்க, அதுக்குத் தனியா எவ்ளோ தர்றாங்கன்னு கேட்டுக்கோங்க. ரெண்டாவது, ரகசியம். 2023ல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் பெட்டர்ஹெல்ப்ங்கற ஆன்லைன் தெரபி ஆப் மேல நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்டச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. சேரும்போது ஜனங்க நம்பிக் குடுத்த மனநலத் தகவலையும் மெயில் ஐடியையும் ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் மாதிரி எடங்களுக்கு விளம்பரத்துக்காகக் குடுத்தாங்கங்கறதுதான் குற்றச்சாட்டு. கிளையன்ட் நம்ம முகத்தைப் பாத்துப் பேசறாங்க, டேட்டா போறது எங்கன்னு நமக்கே தெரியலன்னா, மொத செஷன்ல "நீங்க சொல்றது இங்கயே இருக்கும்"னு எப்படி வாய் கூசாம சொல்றது? சேர்றதுக்கு முன்னாடி அவங்க பிரைவசி பாலிசியை முழுக்கப் படிங்க, ஒரு சாயங்காலம் ஆகும், ஆகட்டும்.

இன்னொண்ணும் இருக்கு, இது ஆப்புக்கு மட்டும் இல்ல, எல்லா ஆன்லைன் செஷனுக்கும். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும்போது "இப்ப எந்த எடத்துல இருக்கீங்க"ன்னு கேட்டுடுங்க. உயிருக்கு ஆபத்துன்னு வந்துட்டா எங்க ஆள் அனுப்பறதுன்னு தெரியணும், அதோட பல நாட்டுல கிளையன்ட் உக்காந்திருக்குற எடத்துச் சட்டப்படிதான் நமக்கு லைசென்ஸ் செல்லும்.

சரி, இப்ப தனியா. இங்க ரெண்டு வழி இருக்கு, மணிக்கணக்குல ரூம் எடுக்கறது, மாச வாடகைக்கு சொந்தமா போடறது. மறுபடியும் அதே 100 கணக்கு. மணி ரூமுக்கு ஒரு மணிக்கு 20 போகுதுன்னு வெச்சா உங்க கையில 80. சொந்த ரூம்னா வாடகை, கரண்ட், நெட், சுத்தம் பண்றது எல்லாம் சேத்து மாசம் 1600, அதாவது 16 செஷனோட ஃபீஸ், அது போகத்தான் மிச்சம். இப்பப் போட்டுப் பாருங்க: சொந்த ரூம் கிளினிக்கை விட லாபமா ஆகணும்னா மாசம் 40 செஷன் தாண்டணும், வாரத்துக்கு 10. மணி ரூமை விட லாபம் ஆகணும்னா மாசம் 80 தாண்டணும், வாரத்துக்கு 20! உங்க எடத்து வாடகையையும் ஃபீஸையும் போட்டா நம்பர் மாறும், ஆனா கணக்கு இதேதான், இதைப் போடாம அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. வாரம் 20ங்கறது சும்மா இல்ல, நோட்ஸ், போன், சூப்பர்விஷன், மத்த டாக்டரோட பேசறது எல்லாம் சேந்தா அது முழு நேர வேலை. லீவு, காய்ச்சல், பண்டிகைன்னு வருஷத்துக்கு 6 வாரம் போயிடும்னு வெச்சுட்டா மிச்சம் 46 வாரம்தான், வாடகை 52 வாரமும் போகும்.

மணி ரூம்ல புக் பண்ணிட்டு கிளையன்ட் வரலன்னா அந்த 20ம் உங்களது, நேரமும் உங்களது. ஆனா புக் பண்ணாத மணிக்கு பாக்கெட்ல இருந்து ஒண்ணும் போகாது. சொந்த ரூம்ல யாரும் கேக்காத ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கும் நீங்கதான் கட்டறீங்க. ஆரம்பிக்கிறவங்களுக்கு மணி ரூம்தான்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான். ஒரே ஒரு கண்டிஷன், வாரா வாரம் அதே ரூம், அதே மணி கெடைக்கணும். இந்த வாரம் மேல் மாடி, அடுத்த வாரம் கீழ ஜன்னல் இல்லாத ரூம்னா, பதட்டத்தோட வர்ற ஆளுக்கு மொத 10 நிமிஷம் எடத்தைப் பழகறதுலயே போயிடும். அப்புறம் சத்தம். ரூம் பாக்கப் போகும்போது கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, அவரை உள்ள உக்கார வெச்சு சாதாரணமா பேசச் சொல்லிட்டு நீங்க வெளிய நில்லுங்க, ஒரு வார்த்தை புரிஞ்சாலும் அந்த ரூம் வேண்டாம். கட்டடத்துல கடைசியா கதவைப் பூட்டற ஆள் நீங்களான்னும் கேட்டுக்கோங்க, ராத்திரி 8 மணிக்கு ஆள் இல்லாத மாடியில புது கிளையன்டோட தனியா இருக்கக் கூடாது.

சொந்த ரூமோட சுகம் இல்லைன்னு சொல்லல. நாற்காலி உங்க இஷ்டம், செடி வெச்சுக்கலாம், ரெண்டு செஷனுக்கு நடுவுல கண்ணை மூடி உக்காரலாம். நான் இப்ப அதுலதான் இருக்கேன், ஆனா அங்க வர அஞ்சு வருஷம் ஆச்சு.

இன்ஷூரன்ஸா, கிளையன்ட் கையிலேந்து ஃபீஸாங்கறதுலயும் அதே கேள்விதான். இன்ஷூரன்ஸ் பேனல்ல, அதாவது அந்தக் கம்பெனி வெச்சிருக்குற தெரபிஸ்ட் லிஸ்ட்ல இருந்தா ஆள் வர்றது சுலபம், காலி மணி கொறையும், பதிலுக்கு ஃபீஸ் கம்மி, பணம் வர லேட் ஆகும், பெரும்பாலும் ஒரு நோய்ப் பேரை எழுதித் தந்தாத்தான் பணமே வரும். வெறும் துக்கத்துல இருக்குற ஒருத்தருக்கு ஒரு டயக்னோசிஸ் ஒட்டறது என்னால முடியல, அதனால நான் பேனலை விட்டுட்டேன். ஆனா அதால என் கதவு சிலருக்கு மூடிடுச்சுங்கறது உண்மை. அதுக்காக வாரத்துல 4 ஸ்லாட்டை கம்மி ஃபீஸுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கேன், நாலும் நிரம்பிட்டா நிரம்பிடுச்சுன்னு சொல்லி வேற எடம் காட்டி விடுவேன். முன்னாடி ஒவ்வொருத்தர் கதையும் கேட்டு அப்பப்ப ஃபீஸ் கொறைச்சேன், ஒரு வருஷத்துல பாதிப் பேர் பாதி ஃபீஸ்ல இருந்தாங்க, நான் களைச்சுப் போய் செஷன்ல கவனமே இல்லாம உக்காந்திருந்தேன், அது கம்மி ஃபீஸ் குடுத்தவங்களுக்கும் துரோகம்தான். கேன்சல் விதி எதுவா இருந்தாலும் சரி, 24 மணியோ 48ஓ, மொத செஷன்லயே எழுத்துல குடுத்துடுங்க, கோவம் வந்தப்புறம் விதி போட்டா அது விதி இல்ல.

ஸ்பெஷலிஸ்டா, எல்லாமுமா? இதுல ரொம்ப யோசிக்க வேண்டாம். "கவலை, டிப்ரஷன், உறவுச் சிக்கல்"னு போட்டா எந்த டாக்டருக்கும் உங்க ஞாபகம் வராது, "குழந்தை பொறந்தப்புறம் வர்ற மனச்சோர்வு"ன்னு சொன்னா வரும். வர்ற போனுக்கு மட்டும் அன்னைக்கே திருப்பிப் பேசிடுங்க, அவங்க அந்த ஒரு போனைப் பண்ண எத்தனை நாள் தயங்கியிருப்பாங்கன்னு நமக்குத் தெரியும்.

என்னைக் கேட்டா வரிசை இதுதான். மொத ரெண்டு வருஷம் வாரத்துல மூணு நாள் கிளினிக், கூடவே ஒரு சாயங்காலம் மணி ரூம், ஆப் வேணும்னா கொஞ்ச நாளைக்கு அனுபவத்துக்கு. மணி ரூம்ல வாரம் 20 செஷன் ஆறு மாசம் தொடர்ந்து நின்னா சொந்த ரூம். சூப்பர்வைசர் இல்லாம மட்டும் எந்த வழியிலயும் எறங்காதீங்க, அந்தக் காசை மிச்சம் பண்ணக் கூடாது.

கிளையன்ட் வராத மணியைப் பத்தியே பேசிட்டேன், நாம வராத மணின்னு ஒண்ணு இருக்கு. நீங்க திடீர்னு ஆஸ்பத்திரில சேந்துட்டா கிளினிக்ல ரிசப்ஷன் கூப்பிட்டுச் சொல்லும், ஆப்புலயும் ஏதோ ஒரு மெசேஜாவது போகும். தனி பிராக்டிஸ்ல யாரு சொல்லுவா? கிளையன்ட் பூட்டின கதவு முன்னாடி நின்னுட்டுப் போவாங்க. என் கிளையன்ட் பேர், போன் நம்பர், யாரை மொதல்ல கூப்பிடணும், யார்கிட்ட மெதுவா சொல்லணும், எல்லாம் ஒரு ஒட்டின கவர்ல போட்டு இன்னொரு தெரபிஸ்ட் கிட்ட குடுத்து வெச்சிருக்கேன், இப்படி ஒண்ணு இருக்குன்னு கிளையன்ட் கிட்டயும் மொதல்லயே சொல்லி சம்மதம் வாங்கிடுவேன். அவங்க கவர் என் அலமாரியில இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் பழசைக் கிழிச்சுப் போட்டுட்டு புதுசு மாத்திக்கறோம்.