சவன்னா: பழைய கட்டடமா, புதிய விடுதியா?

மாணவர் விடுதிக்கு நகர மையத்துப் பழைய கட்டடத்தை மாற்றுவதா, நகர ஓரத்தில் புதிதாகக் கட்டுவதா, எது நகருக்கு நல்லது? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவன்னா நகரில், 1954-இல் பழைய சந்தையை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். அந்தக் கோபத்தில் மறு ஆண்டே பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று பிறந்தது. 1978-இல் தொடங்கிய கலை, வடிவமைப்புக் கல்லூரியும் புறநகரில் வளாகம் தேடவில்லை. நகர மையத்தில் 1890-களில் எழுந்த படைக்கலக் கட்டடத்தை வாங்கி வகுப்பறைகளாக்கியது. பின்னாளில் ஹோட்டல் ஒன்றும் மாணவர் விடுதியாயிற்று.

பழைய கட்டடத்தை விடுதியாக்குவது தலைவலிதான். குழாய்களை மாற்ற வேண்டும், தீயணைப்பு விதிக்கேற்பப் படிக்கட்டு வைக்க வேண்டும், இவ்வளவு செய்தும் அறைகள் குறைவாகவே கிடைக்கும். ஆனால் வாசல் நேரே நடைபாதையில் திறக்கிறது. இரவு பத்து மணிக்குக் காபி தேடி இறங்கும் மாணவனுக்காகவே எதிர்க்கடையில் விளக்கு எரியும்.

நகர ஓரத்தில் புதிதாகக் கட்டினால் நூற்றுக்கணக்கான படுக்கைகள், லிஃப்ட், எளிய பராமரிப்பு. உணவகமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ளேயே இருந்தால் மாணவன் தெருவுக்கு ஏன் வரப்போகிறான்?

என் ஓட்டு பழையதற்கே. வாடகை ஏறி உள்ளூர்க்காரர் வெளியேறும் ஆபத்தும், கோடை விடுமுறையில் கடைகளின் கல்லா காலியாவதும் இரண்டுக்கும் பொது.