ஜமைக்காவின் டச்சி: அடி கனம் பார்த்து வாங்குங்கள்

ஜமைக்காவில் வளர்ந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டச்சி வராமல் இருக்காது. மணல் அச்சில் வார்த்த கனமான அலுமினியப் பானை அது. வளைந்த அடி, இரண்டு காது, அழுத்தி உட்காரும் மூடி, அவ்வளவுதான். மேல்பூச்சு இல்லை, பிளாஸ்டிக் பிடி இல்லை, ஒரு திருகாணிகூட இல்லை. அதனால் கரி அடுப்பு, கேஸ், ஓவன் எதிலும் வைக்கலாம். பாட்டி புழங்கிய பானை பேத்தி கைக்கு வருவதும் இதனால்தான்.

அலுமினியத்தின் மூலக் கனிமமான பாக்சைட்டை 1952 முதல் ஏற்றுமதி செய்யும் நாடு ஜமைக்கா. ஆனால் அலுமினியம் உருக்கும் ஆலை அங்கே இல்லை. பட்டறைக்காரர்கள் பழைய எஞ்சின் பாகங்கள், உடைந்த பாத்திரங்கள் என்று கிடைத்ததை உருக்கித்தான் டச்சி வார்க்கிறார்கள். அதனால் ஒரே அடுக்கில் இருக்கும் இரண்டு பானைகள்கூட ஒன்றுபோல இருக்காது. பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டிய சாமான் இது.

ஒரே அளவில் இரண்டு மூன்றைத் தூக்கிப் பாருங்கள், கனமானதை எடுங்கள். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் வார்க்கும்போது உள் அச்சு நகர்ந்திருக்கிறது. மெலிந்த பக்கம்தான் முதலில் அடிபிடிக்கும். காதில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். ஓசை நீண்டு ஒலிக்க வேண்டும். பொத்தென்று நின்றால் விரிசல் இருக்கலாம். மூடியை வைத்து வட்டமாகச் சுழற்றுங்கள், எங்கும் தூக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் காய்ந்த துணிமேல் வையுங்கள். ஊசித்துளை இருந்தால் துணி நனைந்துவிடும்.

இந்தப் பானை தன் தகுதியைக் காட்டுவது, பீன்ஸும் அரிசியும் தேங்காய்ப் பாலில் வேகும் ரைஸ் அண்ட் பீஸில். 1 கப் சிவப்பு பீன்ஸை இரவே ஊறவைத்து, பூண்டு தட்டிப் போட்டு மெத்தென்று ஆகும்வரை வேகவிட வேண்டும். கிறிஸ்துமஸ் சமயம் என்றால் பச்சைத் துவரை. பிறகு ஒரு தேங்காயின் பால், இரண்டு வெங்காயத்தாள், தைம் என்ற மூலிகையில் மூன்று கிளை, ஏழெட்டு பிமெண்டோ (ஆல்ஸ்பைஸ்) மணி, உப்பு, காம்போடு ஒரு முழு ஸ்காட்ச் பானட் மிளகாய். நீள அரிசி 3 கப் என்றால் பாலும் பீன்ஸ் வெந்த நீரும் சேர்ந்து 5 கப் இருக்கட்டும். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கும்போதே தீயைக் குறைத்துவிட வேண்டும். வற்றிய பிறகு குறைத்தால் பயனில்லை. தடித்த அடி சூட்டை விடாது, உள்ளே காந்திக்கொண்டே இருக்கும். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் போட்டு 25 நிமிடம் திறக்காமல் விடுங்கள். கிளறினால் சோறு குழையும், மிளகாயும் உடையும். மிளகாய் உடைந்தால் அந்தச் சோற்றைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாது.

அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலுக்கு பன்பன் என்று பெயர். தேங்காய் எண்ணெய் ஊறி, மொறுமொறுவென்று இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் சண்டை போடுவது இதற்காகத்தான். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் இது கிடைக்காது, கரிதான் கிடைக்கும்.

அடுத்தது சர்க்கரைவள்ளிக்கிழங்கு புட்டிங். கிழங்கு துருவுவது பெரும்பாலும் பிள்ளைகள் வேலை, விரல் முட்டி தேயத் தேய. ஆரஞ்சு நிறக் கிழங்கு நீர்விடும். உள்ளே வெளிறிய கிழங்குதான் வேண்டும். தேங்காய்ப் பால், பழுப்புச் சர்க்கரை, மாவு, ஜாதிக்காய், உலர்திராட்சை சேர்த்த கலவை பானையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. கீழே கொஞ்சம் தணல், மூடிமேல் அதைவிட அதிகத் தணல். “மேலே நரகம், கீழே நரகம், நடுவிலே அல்லேலூயா” என்று அங்கே விடுகதை போடுவது இதைத்தான். கீழே தணல் கூடினால் அடி கருகும், நடு வேகாது. மேல்பகுதி இறுக ஆரம்பித்ததும் சர்க்கரை கலந்த தேங்காய்ப் பாலை ஊற்றினால் மேலே மெத்தென்ற ஏடு படியும். மூடி தட்டையாகவோ சற்றே குழிந்தோ இருந்தால்தான் தணல் நிற்கும். மூடியில் உயரமான குமிழ் வைத்த மாதிரிகளை இதற்காகவே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாட்டு வால் கறிக்கும் இதை அடித்துக்கொள்ள வேறு பானை இல்லை. சர்க்கரையை எண்ணெயில் கருக்கும்போது அடி முழுக்க ஒரே சூடாக இருப்பதால் கசப்பு ஏறாது.

குறைகளும் உண்டு. வெறும் அலுமினியம் என்பதால் புளிப்புக்கு ஆகாது. பொரித்து வினிகர் சாறு ஊற்றும் எஸ்கோவிச் மீனை இதில் பொரிக்கலாம், ஆனால் வினிகரை வேறு பாத்திரத்தில்தான் காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் உலோக வாடை வரும், பானையின் உட்புறமும் அரிக்கும். இன்னொன்றை மறைக்கக் கூடாது: கழிவு அலுமினியத்தில் வார்த்த பாத்திரங்களிலிருந்து உணவில் ஈயம் (lead) என்ற நச்சு உலோகம் கலப்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டுக்கு, என்ன உலோகம் என்று தெரியாத பானையை வாங்காதீர்கள். ஈயச் சோதனை செய்து விற்கும் தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். எந்த டச்சியானாலும் மிச்ச உணவை அதிலேயே இரவு முழுக்க வைக்க வேண்டாம்.

இண்டக்‌ஷன் அடுப்பில் இது சூடாகாது. தட்டையான மின்சார அடுப்பில் வளைந்த அடி ஆடும். காது நெருப்பாகக் கொதிக்கும், தடித்த துணி பக்கத்திலேயே இருக்கட்டும். டிஷ்வாஷரில் போட்டால் அந்தச் சோப்பின் காரம் பட்டு மொத்தமும் கறுத்துவிடும்.

புதுப் பானையில் அச்சு மணலும் பிசிறும் ஒட்டியிருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டி, காயவைத்து எண்ணெய் தடவி மிதமான தீயில் சூடாக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் ஒட்டுவது குறையும். நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 10 அங்குலம் போதும். புட்டிங்கும் செய்வீர்கள் என்றால் 12 அங்குலம் எடுங்கள்.