மதுரை மாலைகளுக்கு ஒரு வழிகாட்டி: நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதி

மதுரையில் வேலை முடித்து மாலையில் வெளியே வருபவர், அன்றைய பொழுதை எங்கே இனிமையாகக் கழிக்கலாம் என்று அறிய இப்போது பல வழிகள் இருக்கின்றன. டிக்கெட் விற்கும் செயலிகள் இருக்கின்றன. புதிய உணவகங்களையும் துணிக்கடைகளையும் நாள்தோறும் காட்டும் இன்ஸ்டாகிராம் பக்கங்கள் இருக்கின்றன. தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. இவை அனைத்தையும் பயன்படுத்திய பிறகும், காலை நாளிதழ்களின் மதுரைப் பதிப்பில் உள்பக்கம் ஒன்றில் பொடி எழுத்தில் வரும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியே இந்த ஊருக்கு மிகவும் பொருத்தமான சேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனியாகக் கட்டணம் எதுவும் இல்லாத இந்தச் சேவையை ஒரு வாசகன் என்ற முறையில் மதிப்பிட்டு எழுத விரும்புகிறேன். எந்த ஒரு நாளிதழையும் குறிவைத்து எழுதவில்லை. நான் பார்த்தவரை அவற்றின் நிறைகுறைகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

செயலிகளைவிட இது மேலானது என்பதற்குக் காரணம் எளியது. டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிகளை மட்டுமே செயலி அறியும். மதுரையில் அதைத் திறந்தால் பெரும்பாலும் திரைப்படங்களே கண்ணில் படுகின்றன. ஆனால் இந்த ஊரின் பொழுதுபோக்கில் பெரும்பங்கு டிக்கெட் இல்லாதது. சாமி புறப்பாடும், சொற்பொழிவும், நூல் வெளியீடும், பட்டிமன்றமும், பள்ளி ஆண்டு விழாவும், கைத்தறிக் கண்காட்சியும் வருகிற எல்லோரையும் நம்பி நடத்தப்படுபவை. அவற்றைத் தவறாமல் தொகுத்துத் தருவது இந்தச் சிறு பகுதி ஒன்றுதான்.

பகுதியின் அமைப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கோயில், பக்திச் சொற்பொழிவு, பள்ளி கல்லூரி, பொது, கண்காட்சி என்று சில தலைப்புகளின் கீழ் அறிவிப்புகள் அடுக்கப்படுகின்றன. நிகழ்ச்சியின் பெயர், இடம், தலைமை, முன்னிலை, பேசுபவர், ஏற்பாடு, நேரம் என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை; பழகிய கண்ணுக்கு முழுப் பகுதியையும் படிக்க ஒரு காபி குடிக்கும் நேரம் போதும். நடத்துபவர்கள் முன்கூட்டியே அனுப்பும் தகவலே அச்சாவதால், பெரிய சபையின் கச்சேரியும் ஒரு தெருவின் குடியிருப்போர் சங்கக் கூட்டமும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்தச் சமத்துவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விளம்பரம் செய்யப் பணமில்லாத ஒரு திருக்குறள் மன்றத்துக்கும் இங்கே இரண்டு வரி இடம் உண்டு.

இந்தப் பகுதி இல்லாவிட்டால் நான் ஒருபோதும் சென்றிருக்க முடியாத இடங்களில் முதன்மையானது மீனாட்சி அம்மன் கோயிலின் வடக்கு ஆடி வீதி. அங்குள்ள திருவள்ளுவர் கழகத்தில் நடக்கும் சொற்பொழிவு பற்றிய ஒரு வரி அறிவிப்பு இந்தப் பகுதியில் அடிக்கடி இடம்பெறும். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால் அதைப் பாதுகாப்பு அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நேரம் பார்க்கக் கையில் கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது. மொட்டைக் கோபுரம் என்று ஊரார் அழைக்கும் வடக்குக் கோபுரத்தின் உட்புறத்தில், பகல் வெயிலின் சூடு இறங்கிக்கொண்டிருக்கும் கல் தரையை ஒட்டி உட்கார்ந்து, ஒரு குறளையோ பெரியபுராணத்தின் ஒரு பாட்டையோ ஒருவர் ஒரு மணி நேரம் விரித்துச் சொல்வதைக் கேட்பது, எந்த வசதியான அரங்கிலும் எனக்குக் கிடைத்திராத நிறைவைத் தந்திருக்கிறது. கேட்க வருபவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்த வியாபாரிகளும், பூ வாங்கிய கையோடு தூண் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போகும் பெண்களும் இருப்பார்கள். பேச்சு முடிந்த பிறகும் பொறுமை உள்ளவர்கள், இரவு ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதர் பள்ளியறைக்கு எழுந்தருளும் பல்லக்கைப் பார்த்துவிட்டே வீடு திரும்பலாம். பள்ளியறைப் பூஜை நாள்தோறும் நடப்பது என்பதாலோ என்னவோ, அதை இந்தப் பகுதி குறிப்பிடுவதே இல்லை. வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவருக்கு அது தெரிய வழியில்லை என்பதை ஆசிரியர் குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருவிழாக் காலங்களில் இந்தப் பகுதியின் பயன் பல மடங்காகிறது. மீனாட்சி அம்மன் கோயிலில் திருவிழா இல்லாத மாதம் இல்லை. சித்திரையில் திருக்கல்யாணம், வைகாசியில் வசந்த உற்சவம், ஆனியில் ஊஞ்சல், ஆடியில் முளைக்கொட்டு, ஆவணியில் மூலத் திருவிழா, புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் கோலாட்டம், கார்த்திகையில் தீபம், மார்கழியில் எண்ணெய்க்காப்பு, தையில் தெப்பம் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. இவற்றின் தேதிகளை எந்த நாள்காட்டியிலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இன்று மாலை சுவாமி எந்த வாகனத்தில் வருகிறார், யாருடைய மண்டகப்படியில் (உபயதாரர் சுவாமியை வரவேற்று வழிபடும் இடத்தில்) இறங்குகிறார், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்பதை நாள்தோறும் சொல்வது நாளிதழ்தான். சித்திரைத் திருவிழாவின் மூன்றாம் நாள் கைலாச பர்வதமும் காமதேனுவும், ஐந்தாம் நாள் தங்கக் குதிரையும் மாசி வீதிகளைச் சுற்றி வரும்போது, எந்த மூலையில் எப்போது நின்றால் பார்க்கலாம் என்பதை அந்த இரண்டு வரிகளைக் கொண்டே கணக்கிட முடிகிறது.

கூட்டத்தைக் கண்டு தயங்குபவர்களுக்குச் சித்திரையைவிட ஆவணி மூலத்தையே நான் பரிந்துரைப்பேன். கருங்குருவிக்கு உபதேசம் செய்தது, நாரைக்கு மோட்சம் கொடுத்தது, தருமிக்குப் பொற்கிழி அளித்தது, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, பிட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது என்று சிவபெருமானின் திருவிளையாடல்கள் நாளுக்கு ஒன்றாக அலங்காரத்தில் காட்டப்படும் திருவிழா அது. குழந்தைகளுக்கு முதல்நாள் இரவு கதையைச் சொல்லிவிட்டு மறுநாள் அதையே நேரில் காட்ட முடிகிற வாய்ப்பு வேறெந்தத் திருவிழாவிலும் இவ்வளவு தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. பிட்டுத் திருவிழா அன்று சுவாமியும் அம்மனும் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வதால் கோயில் நடை சாத்தப்பட்டிருக்கும். அந்த விவரத்தை முன்கூட்டியே அச்சிட்டு வெளியூர்ப் பக்தர்களின் வீண் அலைச்சலைத் தவிர்ப்பதற்காக நாளிதழ்களைப் பாராட்ட வேண்டும்.

இசைக்கு வந்தால் நிலைமை சற்றுக் குறைபாடுடையது. லட்சுமி சுந்தரம் அரங்கு, ராஜா முத்தையா மன்றம், உலகத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில் நடக்கும் கச்சேரிகளும் இலக்கிய விழாக்களும் இந்தப் பகுதியில் இடம்பெறுகின்றன. ஆனால் நுழைவு எல்லோருக்கும் உண்டா, உறுப்பினர்களுக்கு மட்டுமா என்ற ஒரு சொல் பெரும்பாலும் இருப்பதில்லை. அறிவிப்பைப் பார்த்து ஓர் அரங்கின் வாசல்வரை சென்று, உறுப்பினர் அட்டை இல்லாததால் நானும் என் அத்தையும் திரும்ப நேர்ந்தது உண்டு. முன்னிலை வகிப்பவர்கள், வாழ்த்துரை வழங்குபவர்கள், நன்றியுரை சொல்பவர் என்று வரிசையாகப் பெயர்கள் அச்சாகியிருந்த அந்த அறிவிப்பில் ‘அனுமதி இலவசம்’ அல்லது ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்பதற்கு இடமில்லாமல் போயிருக்க வாய்ப்பில்லை. இந்தப் பகுதியின் அடிப்படைக் குறை இதுதான்: நிகழ்ச்சியை நடத்துபவர் பார்த்து மகிழும் விதத்தில் அது எழுதப்படுகிறது, பார்க்க வருபவருக்குத் தேவையானது கடைசியில் நிற்கிறது அல்லது விடுபடுகிறது.

இரண்டாவது குறை, நேரம் பற்றியது. ‘இன்று’ நடப்பதை இன்று காலையில் சொல்வது மாலை நிகழ்ச்சிகளுக்குப் போதுமானது; காலை நிகழ்ச்சிகளுக்கு அது பயன்படாது. 2010-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ‘பசுமை நடை’யை எடுத்துக்கொள்வோம். யானைமலை, கீழக்குயில்குடி சமணர்மலை, அரிட்டாபட்டி போன்ற இடங்களுக்கு விடுமுறை நாட்களின் அதிகாலையில் மக்களை அழைத்துச் சென்று, கல்வெட்டுகளையும் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளையும் அறிந்தவர்களைக் கொண்டு விளக்கும் அமைப்பு அது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளை வெறும் பாறைகளாகப் பார்த்து வந்தவர்களுக்கு அவற்றில் ஈராயிரம் ஆண்டு வரலாறு இருப்பதைக் கண்ணால் காட்டியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு நடந்து செல்ல வேண்டுமென்றால், நாளிதழ் வாசலில் விழும் நேரத்தில் நாம் ஏற்கெனவே மேலூர்ச் சாலையில் இருக்க வேண்டும். கோயில் குடமுழுக்குகளும், காலை நடைப்பயிற்சிக் குழுக்களின் சந்திப்புகளும், மாரத்தான் ஓட்டங்களும் இதே வகையில் கைநழுவிப் போகின்றன. இதற்குத் தீர்வு கடினமானதன்று. இன்று மாலையின் நிகழ்ச்சிகளையும் நாளைக் காலையின் நிகழ்ச்சிகளையும் சேர்த்து ஒரே பகுதியாக வெளியிட்டால், கூடுதல் இடம் தேவைப்படாமலே வாசகருக்கு ஓர் இரவு அவகாசம் கிடைத்துவிடும்.

நிகழ்ச்சி இல்லாத நாட்களில் இந்தப் பகுதி வறண்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவ முகாமும் மறுவாழ்வுக் கூட்டமும் அவசியமானவை. ஆனால் அவற்றை மட்டும் கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமைப் பட்டியல், குழந்தைகளோடு எங்காவது போக நினைக்கும் குடும்பத்துக்கு உதவாது. எப்போதும் திறந்திருக்கும் இடங்களில் ஒன்றையாவது நாள்தோறும் முறைவைத்து நினைவூட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது; ஒரு மழைநாள் மாலையை அங்கே கழித்த குழந்தை மறுபடியும் கூட்டிப்போகச் சொல்லும். வைகைத் தண்ணீர் நிரம்பியிருக்கும் காலத்தில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் உட்காருவதற்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை. 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் ஒலி-ஒளிக் காட்சி மட்டும், அன்று உண்டா இல்லையா என்று நாள்தோறும் ஒரு வரியில் சொல்லப்பட வேண்டிய ஒன்று. பராமரிப்புப் பணிகளின்போது அது நிறுத்தப்படுவது வழக்கம்.

முற்றிலும் விடுபடும் இன்னொன்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் ‘ஸ்பெஷல் நாடகங்கள்’, அதாவது நிரந்தரக் குழுவாக இல்லாமல் ஒவ்வோர் இரவுக்கும் தனித்தனியாக அமர்த்தப்படும் கலைஞர்கள் நடிக்கும் இசை நாடகங்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் இரவு முழுவதும் நடக்கும் இந்த நாடகங்களுக்கு இன்றும் நல்ல கூட்டம் இருக்கிறது. ஆர்மோனியக்காரர், பபூன், ராஜபார்ட் யார் என்பதைச் சுவரொட்டி சொல்கிறது, நாளிதழ் சொல்வதில்லை. அவனியாபுரத்திலும் ஒத்தக்கடையிலும் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கும்வரை, நகரத்துக்குள் வசிக்கும் இளைஞர்களை அந்தக் கலை எட்டப்போவதில்லை. இவ்வகை நாடகங்களின் முன்னோடியான சங்கரதாஸ் சுவாமிகள் நாடக சபை நடத்திய ஊரில் இந்த விடுபாடு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கைப்பேசியில் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: செயலிகளிலும் இந்தப் பகுதி வெளியாகிறது, ஆனால் மாவட்டச் செய்திகளுக்கு நடுவே அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். இதற்காக மட்டுமே அச்சிட்ட நாளிதழை வாங்குவதிலும் தவறில்லை என்பேன். மழைக் காலத்தில் புறப்படுமுன் உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனெனில் ஐப்பசி மழையில் நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டாலும் அச்சான அறிவிப்பு அப்படியே நிற்கும். நடத்துபவரின் தொலைபேசி எண் ஒன்றைச் சேர்த்து அச்சிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

எண்ணைவிட முக்கியமாக நான் கேட்பது, நிகழ்ச்சி முடியும் நேரம். ‘மாலை 6:30 மணி’ என்று தொடக்கத்தை மட்டும் அச்சிடுவதால், தனியாக வரும் பெண்களும் முதியவர்களும் பாதியிலேயே எழுந்து போகிறார்கள்; சிலர் வராமலே இருந்துவிடுகிறார்கள். அழகர்கோவிலில் நடக்கும் ஒரு விழாவுக்கு நகரத்திலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் போக வேண்டும். திருநகரில் வசிக்கும் என் அத்தை, எட்டரைக்கு முடியும் என்று தெரிந்தால் தயங்காமல் கிளம்பிவிடுவார், பத்து மணியாகும் என்றால் துணைக்கு ஆள் தேடுவார். எத்தனை மணிக்கு முடியும், திரும்பிவர எந்த நிறுத்தத்தில் பேருந்து கிடைக்கும் என்ற இரண்டு விவரங்களையும் முன்னிலை வகிப்பவர்களின் பெயர்கள் நிற்கும் இடத்தில் போடலாம்.