பென்டிரைவை மதிக்காத கார்

வண்டி நன்றாக ஓடுகிறது. பிரேக், மைலேஜ், ஏசி பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது டேஷ்போர்டின் நடுவில் டேப்லெட்டை ஒட்டவைத்த மாதிரி நிற்கிறதே, அந்தத் திரையைப் பற்றி. அதிலும் ஒரே கேள்விதான்: என்னிடம் இருக்கிற பாட்டை அது ஒழுங்காகப் பாடுமா?

என்னிடம் இருப்பது ஏறக்குறைய 9,000 பாட்டு. பாதிக்குமேல் சிடியிலிருந்து நானே ஏற்றியவை. கொஞ்சம் கேசட்டிலிருந்து மாற்றியவை. ஒரு பக்கம் முடியும்போது விழுகிற 'டக்' சத்தம்கூட அப்படியே இருக்கும். வானொலியிலிருந்து பதிவு செய்ததும் உண்டு. இதில் பலதும் எந்த ஸ்ட்ரீமிங் செயலியிலும் கிடைக்காது.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்த்த அன்றே "யுஎஸ்பி எங்கே இருக்கு?" என்று கேட்டேன். "எதுக்கு சார், ஃபோனை கனெக்ட் பண்ணிக்கலாமே" என்றார் விற்பனைப் பையன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். கியருக்கு முன்னால் அச்சு அசலாக இரண்டு துளைகள். ஒன்றின் பக்கத்தில் மின்னல் குறி, மற்றதில் சூலம் மாதிரி ஒரு குறி. மின்னல் சார்ஜுக்கு மட்டும், சூலம்தான் பாட்டுக்கு. முதல் வாரம் முழுக்க மின்னலில் செருகிவிட்டு, வண்டி பழுது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. ஆனால் சிடி துளை போய், ஆக்ஸ் துளை போய், மிஞ்சிய ஒன்றையும் இப்படி இருட்டில் வைத்தால் என்ன செய்வது?

சரியான துளையில் செருகியதும் "சாதனத்தைப் படிக்க முடியவில்லை" என்றது. என் 128 ஜிபி பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் என்கிற கோப்பு முறையில் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில், ஃபேட்32 என்கிற பழைய முறை மட்டும் என்று போட்டிருந்தது. விண்டோஸ் கணினியின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தர மறுத்தது. ரூஃபஸ் என்கிற இலவச மென்பொருளை வைத்து முடித்தேன். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பார்கள். பாட்டுக்கு அது பிரச்சினையே இல்லை.

பாட்டு வந்தது. வரிசைதான் வரவில்லை. ஒரு கச்சேரிப் பதிவில் தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் முதலில், தொடக்கத்தில் வர வேண்டிய வர்ணம் கடைசியில். தோண்டிப் பார்த்ததில், ஃபோல்டரில் நுழைந்தால் இந்த வண்டி பெயரையும் பார்ப்பதில்லை, ட்ராக் எண்ணையும் பார்ப்பதில்லை. அந்த ஃபோல்டரின் கோப்புப் பட்டியலில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடுகிறது. பந்தியில் வந்த வரிசைக்கு இலை போடுவது மாதிரி. ஆக, ஒவ்வொரு ஃபோல்டரையும் வரிசையாக நகலெடுக்க வேண்டும், அல்லது ஃபேட்சார்ட் மாதிரி ஒரு கருவியை ஓட்டி அந்தப் பட்டியலையே அடுக்க வேண்டும். நான் இரண்டாவதைச் செய்கிறேன். இரண்டு நிமிட வேலை, ஆனால் புதுப் பாட்டு சேர்க்கிற ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டிய வேலை.

ஒருமுறை மகள் தன் மேக் லேப்டாப்பிலிருந்து நாலு ஆல்பம் ஏற்றிக்கொடுத்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மூன்று விநாடி மௌனம். வீட்டில் வந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நிழல் கோப்பு. பெயர் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும், உள்ளே பாட்டே கிடையாது. வண்டி அதையும் பாட முயன்று தோற்று நகர்ந்திருக்கிறது. "உங்க கார்தாம்பா லூசு" என்றாள்.

இனி எழுத்து. பாட்டு, ஆல்பம் பெயரெல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்கிற டேக் எல்லாவற்றையும் பல மாதம் உட்கார்ந்து எம்பி3டேக் என்கிற மென்பொருளை வைத்துத் தமிழில் திருத்தியவன் நான். திஸ்கி என்கிற பழைய தமிழ்க் குறியீட்டுக் காலத்துக் குப்பையையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறேன். திரையில் தமிழ் தெரிகிறது, கட்டம் கட்டமாக வரவில்லை. அதுவரை சந்தோஷம். ஆனால் 'கொ' என்று இருக்கிற இடத்தில் முதலில் க, அதற்குப் பின்னால் ஒற்றைக் கொம்பு, அப்புறம் கால். எழுத்துரு இருந்தது, எழுத்தைக் கோக்கிற மூளை இல்லை. கொம்பு முன்னால் வர வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. கொடி, தோடி, மோகனம் எல்லாம் பல் போன வாய் மாதிரி நின்றன. அகர வரிசையும் யூனிகோடு எண்படிதான்: ந முடிந்த கையோடு ன, ர முடிந்ததும் ற, ழவுக்குப் பிறகு வ. பள்ளியில் படித்த வரிசையில் விரலை ஓட்டினால் பாட்டு கிடைக்காது. இப்போது கை பழகிவிட்டது.

ஃபோன் வழியும் பார்த்தேன். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்புகிற முறைகளில் (கோடெக்) எஸ்பிசியும் ஏஏசியும்தான் இந்த வண்டிக்குத் தெரியும். எல்டாக் என்கிற கோடெக் 990 கேபிபிஎஸ் (விநாடிக்கு 990 கிலோபிட்) வரை போகும், சிடியோ 1,411 என்றெல்லாம் வீட்டு ஹெட்ஃபோனில் சண்டை போடலாம். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலுக்கு நடுவே என் காதுக்குத் தரம் குறையாமல் சேமிக்கிற ஃப்ளாக் கோப்பும் 320 கேபிபிஎஸ் எம்பி3யும் ஒன்றுதான். வண்டி நிற்கும்போது கண்ணை மூடிக் கேட்டால் மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு வித்தியாசம் தெரிகிற மாதிரி இருந்தது. மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

ஃபோன் செயலிகளை வண்டித் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கேபிளில் போட்டு, விஎல்சி என்கிற பாட்டுச் செயலியை ஓட்டுவது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எழுத்து ஃபோனுடையது என்பதால் கொம்பு அதன் இடத்தில் இருக்கும். ட்ராக் வரிசையும் சரி. ஓட்டும்போது பட்டியலில் ரொம்ப தூரம் தோண்டவிடாது. அது பாதுகாப்புக்கு, குறை சொல்ல மாட்டேன். குரலில் கேட்டால்தான் தொல்லை. பாட்டின் பெயரைச் சொன்னால் என் ஃபோனில் இருப்பதை விட்டுவிட்டு இணையத்தில் யாரோ கீபோர்டில் வாசித்ததைப் போடுகிறது. தவிர, 9,000 பாட்டுக்கு என் ஃபோனில் இடமில்லை.

அதனால் தினசரி ஓட்டத்துக்குப் பென்டிரைவ், நீண்ட பயணத்துக்கு ஃபோன் என்று ஆகிவிட்டது. வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதில் பத்து ட்ராக்குக்கு மேலுள்ள ஓர் ஆல்பம், 'கொ'வில் தொடங்கும் ஒரு பாட்டு, ஒரு ஃப்ளாக் இருக்கட்டும். பாதிப் பாட்டில் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா என்றும் பாருங்கள். இந்த வண்டி பாடுகிறது. அதற்கு முழு மார்க்.

போன மாதம் சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே பார்த்துவிட்டேன், 'கொ' சரியாகிவிட்டது. ஆல்பம் அட்டைப் படங்கள்தான் ஒன்றுகூட வருவதில்லை.