'ரூல் திடீர்னு மாறிடுச்சு' என்று சொல்லும் விசா ஏஜென்ட்டிடம் ஜாக்கிரதை

கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2023 கடைசியில் என் அக்கா மகளை ஏமாற்றிய அதே ஏஜென்ட், இப்போது வேறு பெயரில் ஓசூரில் அலுவலகம் திறந்திருக்கிறார். வாசலில் பெரிய பேனர்: 'ஆஸ்திரேலியா பிசினஸ் விசா, குடும்பத்தோடு செட்டில் ஆகலாம்'. ஆஸ்திரேலியா அந்தப் பழைய பிசினஸ் விசாவுக்குப் புது விண்ணப்பம் வாங்குவதை 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இல்லாத விசாவுக்கு முன்பணம் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு நடந்தது இங்கிலாந்து விஷயத்தில். அக்கா மகளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, அப்போது இரண்டு வயது. எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டாள். ஏஜென்ட் சொன்னது இதுதான்: "பொண்ணு படிக்கட்டும்ண்ணா, மாப்பிள்ளைக்கு டிபெண்டன்ட் விசா. அவர் முழுநேர வேலைக்குப் போகலாம். குழந்தையும் கூடவே போயிடும்." ஜனவரி 2024 சேர்க்கைக்கு எழுதிக்கொண்டார். மாந்தோப்பை மூன்று வருடக் குத்தகைக்கு விட்டு வாங்கிய முன்பணமும் நகைக்கடனும் சேர்ந்துதான் அந்தப் பணம்.

2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. இங்கிலாந்து அரசு இதை அறிவித்தது 2023 மே 23-ஆம் தேதி. எங்களிடம் அவர் பணம் வாங்கும்போது அந்த அறிவிப்பு வந்து பல மாதம் ஆகியிருந்தது. செப்டம்பர் சேர்க்கைக்குப் போனவர்கள் குடும்பத்தோடு போனார்கள். ஜனவரிக்குப் போனவர்களுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. தினமும் இதே தொழில் செய்கிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. மாணவர் சேர்ந்தால் ஏஜென்ட்டுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தரும். மாப்பிள்ளை வர முடியாது என்று சொன்னால் நாங்கள் சேர்க்கவே மாட்டோம். அவ்வளவுதான் கணக்கு.

அவர் கொடுத்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று பேர் பெயரையும் எழுதி, பக்கத்தில் நீல மையில் 'ஐ.எச்.எஸ். - 3' என்று போட்டு, முத்திரை குத்தியிருக்கிறார். ஐ.எச்.எஸ். என்பது விசாவோடு கட்ட வேண்டிய ஹெல்த் சர்சார்ஜ், அதாவது அங்கே அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம். அதை ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போதே கட்டவேண்டும், கட்டியதும் ஒரு எண் வரும், விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் தானாகத் திரும்பிவிடும். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் விண்ணப்பமே போடவில்லை. அப்படியானால் அந்த இரண்டு பேருக்கான பணத்தை எங்கே கட்டினார்? எண்ணைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, "பிராசஸ்ல இருக்குண்ணா" என்றார். கடைசி வரைக்கும் எண் வரவில்லை.

அக்கா மகளுக்கு மட்டும் விசா வந்தது. "முதல்ல அவங்க போகட்டும், ஒரே மாசத்துல இவங்க பின்னாடியே போயிடுவாங்க" என்று சொல்லி விமானம் ஏற்றிவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்து, மாணவர் உதவி அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. குழந்தை இங்கே அம்மாச்சி இடுப்பில், தாய் அங்கே. வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்த்ததும் போனைத் தள்ளிவிட்டு அழும். அந்த வருடம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

திரும்பக் கேட்டபோது, "ரூல் திடீர்னு மாறிடுச்சு" என்றார். கூடவே ஒரு யோசனை வேறு: படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கேர் வொர்க்கர் விசாவுக்கு (முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான விசா) மாறிக்கொள்ளலாமாம். படிப்பு முடியுமுன் வேலை விசாவுக்கு மாறுவதை 2023 ஜூலையிலேயே தடுத்துவிட்டார்கள். கேர் வொர்க்கர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போவதும் 2024 மார்ச்சில் நின்றுபோனது. அவர் பேச்சைக் கேட்டிருந்தால் படிப்பும் போய் விசாவும் போயிருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். உண்மையிலேயே நடுவில் மாறிய விதியும் உண்டு. அவள் படித்துக்கொண்டிருந்தபோது, 2024 ஏப்ரலில், ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு (படிப்புக்கேற்ற வேலையில் அங்கேயே தங்குவதற்கான விசா) வேண்டிய குறைந்தபட்சப் பொதுச் சம்பள வரம்பு வருடத்துக்கு 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கு ஏறியது. 2025 ஜூலையில் 41,700 ஆனது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, ஆனாலும் அந்தச் சம்பளத்தில் வேலை கிடைப்பது லேசில்லை. படிப்புக்குப் பிறகு தரும் கிராஜுவேட் விசாவிலும் புதிதாகக் குடும்பத்தைச் சேர்க்க முடியாது. பட்டத்தோடு ஊருக்கு வந்துவிட்டாள். சம்பள வரம்புக்கு நான் ஏஜென்ட்டைக் குறை சொல்லவில்லை. பணம் வாங்குமுன்பே அமலுக்கு வரும் தேதி அறிவிக்கப்பட்ட விதியை மறைத்தாரே, அதற்குத்தான் வழக்கு.

இங்கிலாந்துக்கு அவர் இப்போது கொடுக்கும் நோட்டீஸிலும் 'படித்த பின் 2 வருடம் வேலை' என்றே இருக்கிறது. 2027 ஜனவரி 1 முதல் அந்த கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு, பிஎச்.டி. தவிர, 18 மாதம்தான். இனிமேல் போய்ச் சேரும் பிள்ளை படிப்பை முடிக்கும்போது எந்த விதி இருக்கும் என்று பாருங்கள், இன்றைக்கு இருப்பதை வைத்துக் கடன் வாங்காதீர்கள். ஏஜென்ட் சொல்வதை அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் அவர் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் வழக்கு நடக்கிறது, அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, ஆனால் பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போகவேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யலாம். இவரிடம் பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றைக்கே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அனுப்பிய குரல் பதிவுகளை எல்லாம் அவர் ஒரே ராத்திரியில் அழித்துவிட்டார்.