தடயவியல் டிப்ளோமா: திருகோணமலையிலிருந்து போய்ப் படித்தவளின் மதிப்பீடு

வெள்ளி இரவு திருகோணமலையில் பஸ் ஏறுவேன். சனியும் ஞாயிறும் கொழும்பில் வகுப்பு, திங்கள் விடிய வீடு வந்து குளித்துவிட்டு நேரே வேலை. தடயவியலிலும் குற்றத்தலப் பரிசோதனையிலும் பட்டப்பின் டிப்ளோமாவுக்காக ஒரு வருடம் இப்படி அலைந்தேன். குறைகளும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள், அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இரத்தக் கறையைச் சோதிக்கும் செய்முறை வகுப்பை நான் மறக்கமாட்டேன். கறையில் ஒற்றிய பஞ்சில் ஒரு துளி அல்ககோல், ஒரு துளி பினோல்ப்தலீன். அடுத்து ஐதரசன் பேரொட்சைட்டை விட நான் அவசரப்பட்டபோது விரிவுரையாளர் என் கையைத் தடுத்தார். "பொறு பிள்ளை, இப்போதே இளஞ்சிவப்பாகிறதா என்று பார். ஆகிவிட்டால் இந்தச் சோதனை செல்லாது" என்றார். நிறம் மாறவில்லை. பிறகு பேரொட்சைட்டை விட்டதும் பஞ்சு சில விநாடிகளில் சிவந்தது. அப்போதும் "இரத்தமாக இருக்கலாம்" என்றுதான் எழுதவேண்டும். மிருக இரத்தமும் இப்படியே சிவக்கும். சில மரக்கறிச் சாறுகளும் ஏமாற்றும். மருத்துவ ஆய்வுகூடத்தில் ஆறு வருடம் வேலை செய்தும் எனக்குப் படியாத நிதானம் அந்த ஒரு காலையில் படிந்தது.

பொதி செய்யும் பாடமும் அப்படித்தான். ஈரமான இரத்தத் துணியைப் பொலித்தீன் பையில் இட்டு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், டிஎன்ஏ சிதையும். நிழலில் உலர்த்தி, கடதாசிப் பையில் இட்டு, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்திட வேண்டும். திருகோணமலையில் எடுக்கும் சான்று பத்தரமுல்லையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் வரை போகவேண்டியிருப்பதை நினைத்தால் இந்தப் பாடத்தின் அருமை புரியும். யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்ற பதிவில் ஓர் இடைவெளி விழுந்தாலும் நீதிமன்றத்தில் அந்தப் பையின் பெறுமதி போய்விடலாம்.

இனி என் மனக்குறை. மாதிரிக் குற்றத்தலம் என்று அவர்கள் வைத்திருப்பது குளிரூட்டிய ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பொம்மை. வருடம் முழுவதிலும் எனக்கு அதற்குள் இரண்டே தடவைதான் இறங்கக் கிடைத்தது. காற்று, மணல், மழை எதுவுமே அங்கே இல்லை. மணலில் பதிந்த சப்பாத்துத் தடத்தை அச்செடுப்பதைத் திரையில் படமாகக் காட்டி முடித்துவிட்டார்கள். கடற்கரை ஊரிலிருந்து போன எனக்கு அது பொறுக்கவில்லை.

கூடப் படித்த இருவரை வீட்டுக்கு அழைத்து, வகுப்பில்லாத ஒரு ஞாயிறு விடியற்காலை உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம். பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் டென்டல் ஸ்டோன் மா, ஒரு வாளி, அகப்பை, அளவுகோல், டோர்ச். மணலில் சப்பாத்துத் தடங்களைப் பதித்து, டோர்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தோம். சாய்ந்த வெளிச்சத்தில்தான் அடித்தோலின் வரிகள் எழுந்து தெரிந்தன. ஆனால் கரைத்த மாவை நேரே ஊற்றிய முதல் தடம் உலர்ந்த மணலோடு சரிந்து குழியாகிப் போனது. அடுத்த தடத்தின் மேல் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் சற்று உயரத்திலிருந்து மெல்ல அடித்து இறுக விட்டோம். பிறகு மாவை அகப்பையின் முதுகில் விழ விட்டு, அங்கிருந்து தடத்துக்குள் வழியவிட்டோம். அரை மணித்தியாலம் கழித்துத் தூக்கினால் குதிப்பக்கத்து வெடிப்பு ஒன்றுகூடத் தப்பாமல் பதிந்திருந்தது. கட்டணம் கட்டிய வகுப்பில் கிடைக்கவேண்டிய பயிற்சி இது!

விரிவுரைகளும் குறிப்புகளும் முழுக்க ஆங்கிலம். அதைச் சமாளிக்கலாம். ஆனால் கிழக்கில் சாட்சி தமிழில் பேசுவார். அவர் சொன்னதைத் தலக்குறிப்பில் எப்படிப் பதிவது என்று ஒரு மணித்தியாலமாவது சொல்லித் தந்திருக்கலாம்.

சேரலாமா என்று கேட்டால், சேருங்கள் என்றே சொல்வேன். ஆய்வுகூடப் பகுதி அவ்வளவு தரம். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு மாணவர் மாதிரித் தலத்தில் எத்தனை தடவை வேலை செய்யலாம்? வெளிக்களத்தில் எத்தனை நாள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.